கறுப்பு பிலிம் டப்பிகள்

பொலிஸ் பதிவேட்டில் பிறிஜெற்றைப் பற்றி மூன்று வரி இருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “சந்தேகநபரின் மனைவி. வயது நாற்பத்து நான்கு. தொழில் இல்லை, சமையல், வீட்டு வேலை. இயந்திரங்கள், மின்சாரம் பற்றிய அறிவு கிடையாது. கணவர் என்ன செய்கிறார் என்பதை அறியாதவர்.”

இதில் வயது சரி. சமையலைப் பற்றி அவள் கணவன் வலன்ரைனுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவனிடம் அதை யாரும் கேட்கவில்லை.

கட்டுநாயக்கவில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் பிறிஜெற் சலவை இயந்திரங்களுக்கு டைமர் செய்தாள். முதல் எட்டு வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து ஈயம் ஒட்டினாள். கடைசி மூன்று வருடம் மற்றப் பெண்கள் ஒட்டியதில் பிழை பிடித்தாள். இதைவிட மலிவான பெண்கள் கிடைக்கும் நாடொன்றைத் தேடித் தொழிற்சாலை புறப்பட்டபோது, அவளுக்கு ஒரு சான்றிதழும் ஒரு மேசைவிரிப்பும் கொடுத்தார்கள். மேசைவிரிப்பை அவள் பாவித்தாள்.

வலன்ரைன் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் எழுதுவினைஞன். எந்தக் கொள்கலன் உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று எழுதுவது அவன் தொழில். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலிருப்பது அந்தத் தொழிலுக்கான தகுதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மோட்டார் சைக்கிள். கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த ஒழுங்கைக்குள் எந்த மோட்டார் சைக்கிள் நுழைந்தாலும், கட்டிலில் படுத்தபடியே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட காது. கை அதற்கு நேர்மாறு. அவன் ஒரு பல்ப் மாற்றினால் வீட்டில் இரண்டு பல்ப் இருக்க வேண்டும்.

சமாதான காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்ட 2004ஆம் வருடம், ஒரு றேஸ் பார்த்துவிட்டு வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றான்.

“பிறிஜி, வெளிநாட்டுப் பெடியன் ஒருத்தன் ஓடினான். கிளச்சைத் தொடேல்லை. திறொட்டிலைக் குறைக்கேல்லை. கியர் மட்டும் டக் டக்கெண்டு விழுகுது. நடுவில ஒரு துண்டுச் சத்தத்தை ஆரோ வெட்டி எடுத்த மாதிரி.”

“எவ்வளவு துண்டு?”

மைதானத்தில் இருந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. வலன்ரைன் கண்ணை மூடி யோசித்தான்.

“கண் இமைக்கிற நேரத்தில கால்வாசி வரும்.”

“வெங்காயத்தை உரியுங்கோ” என்று சொல்லிவிட்டு, அவள் பழைய தொழிற்சாலைக் கொப்பியைத் தேடப் போனாள்.

விசயம் சொல்லப்போனால் எளிது. எஞ்சின் முழு மூச்சில் இழுக்கும்போது கியரின் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும், விடாது. அதனால்தான் சாதாரணமாக ஓடுகிறவர்கள் கிளச்சைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, மீண்டும் கூட்டுகிறார்கள். றேஸில் அவ்வளவு மரியாதைக்கு நேரமில்லை. கியர் மிதியில் ஒரு சின்ன சுவிட்சை வைத்து, கால் அழுத்தும் அந்தக் கணம் எஞ்சினுக்குப் போகும் நெருப்புப்பொறியை மட்டும் நிறுத்திவிட்டால், பற்கள் தளரும், கியர் விழும், பொறி திரும்ப வரும். ஒரு செக்கனை ஆயிரம் துண்டாக்கினால் அதில் அறுபது துண்டு. குறைந்தால் கியர் விழாது. கூடினால் ஆள் விழுவான். குவிக் ஷிப்டர் என்று வெளிநாட்டில் பெயர். சலவை இயந்திரத்துக்கு நாற்பது நிமிடம் எண்ணிக் கொடுத்தவளுக்கு இந்த அறுபது துண்டு பெரிய காரியமில்லை.

மூன்று வாரத்தில் அவள் செய்த முதலாவது சாமான் வேலை செய்தது. அவன் விடியற்காலை ஓடிப் பார்த்துவிட்டு வந்து “ஒரு மயிரிழை நீளம்” என்பான். அவள் உள்ளே இருந்த குட்டித் திருகை ஊசிமுனையால் கால் சுற்றுத் திருப்புவாள். இப்படி அவன் காதும் அவள் கையும் சேர்ந்து ஒரு மெக்கானிக் ஆனார்கள்.

பிரச்சினை, ஊருக்கு ஒரு மெக்கானிக்கைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

முதலில் வந்தவன் பலீல். வெள்ளவத்தையில் வீடு, புறக்கோட்டையில் தகப்பனுக்குப் புடவைக் கடை, அறுநூறு சீசீ மோட்டார் சைக்கிள். ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவனுக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

“அங்கிள், இத நீங்களா செஞ்ச?”

வலன்ரைன் குசினி வாசலைப் பார்த்தான். தேத்தண்ணித் தட்டோடு நின்ற பிறிஜெற் சொல்ல வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அவன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான்.

“ஓம்” என்றான்.

“அல்லாஹ், என்னா கை அங்கிள் ஒங்களுக்கு!”

பலீல் போனபிறகு வலன்ரைன் வெட்கத்தோடு கேட்டான். “ஏன் அப்பிடி? நீ செய்ததுதானே.”

“பொம்பிளை செய்ததெண்டு தெரிஞ்சா, கியர் விழாட்டி பொம்பிளையாலதான் எண்டுவாங்கள். நீங்கள் செய்ததெண்டா, கியரிலதான் பிழை எண்டுவாங்கள்.”

முதல் வருடம் ஒவ்வொரு பாராட்டுக்கும் அவன் காது சிவந்தது. இரண்டாம் வருடம் பழகிவிட்டது. மூன்றாம் வருடம், “இதெல்லாம் ஒரு கைப்பழக்கம்தான் தம்பி” என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். விரல் நுனியில் சூட்டுத் தழும்போடு தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த பிறிஜெற், இதைக் கேட்டுக் குசினிக்குப் போய்த்தான் சிரிக்க வேண்டியிருந்தது.

பலீல் ஓடிய வகுப்பில் இப்படிப்பட்ட சாமான்களுக்கு அனுமதியில்லை. மற்றவர்கள் ஓடிய வகுப்புகளிலும் இல்லை. அதனால் சீற்றுக்கு அடியில், வயர்களோடு வயராக ஒளித்துத்தான் பூட்டினார்கள். வாங்கிய ஒவ்வொருவனும் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். வலன்ரைனும் ஒவ்வொருவனிடமும், “உனக்கு மட்டும்தான் செய்தனான்” என்றான். நாலு வருடத்தில் முப்பத்தைந்து பேர் தங்களுக்கு மட்டும் இருப்பதாக நம்பிக்கொண்டு ஒருவரையொருவர் முந்தினார்கள்.

யாரும் திறந்து பார்த்துக் கொப்பியடிக்காதபடி எல்லாவற்றின் மேலும் கறுப்பு றெசினை ஊற்றிக் கல்லாக்கிவிடுவது பிறிஜெற்றின் யோசனை. ஊற்றுவதற்கு அளவான ஒரு கூடு வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு ஸ்ரூடியோவில் பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பிகளைச் சும்மா கொடுத்தார்கள். யுத்தம் திரும்பிவிட்டிருந்தது, பொலிஸ் பதிவுக்கு, பாஸுக்கு, விண்ணப்பத்துக்கு என்று தமிழர்கள் எல்லோரும் வருடத்துக்கு மூன்று முறை படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரூடியோக்காரனிடம் டப்பிக்குப் பஞ்சமில்லை.

இப்படியாக, கைக்குள் அடங்கும் கறுப்பு உருளை. உள்ளே திறக்க முடியாத கல். வாயிலிருந்து சிவப்பும் கறுப்புமாக நாலு வயர். 2008ஆம் வருடத்துக் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் இருக்கக்கூடாத ஒரு பொருளை வரைந்து காட்டு என்றால், ஒரு குழந்தைகூட இதைத்தான் வரைந்திருக்கும். செய்த இரண்டு பேருக்கும் மட்டும் அது அப்படித் தெரியவேயில்லை. அவர்களுக்கு அது கியர்.

அந்த வருடம் ஒரு புதன்கிழமை காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அலுமாரியின் மேல் பிஸ்கற் தகரத்துக்குள் ஆறு டப்பிகள் இருந்தன. இன்ஸ்பெக்டர் ஒன்றை இரண்டு விரலால் தூக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மொக்கத மே?”

இது என்ன என்ற அந்தக் கேள்விக்குப் பத்துப் பதில் இருந்தன. வலன்ரைன் நேர்மையானவன்.

“டைமர், சேர்.”

இன்ஸ்பெக்டர் டப்பியை ஒரு முட்டையைப்போல மெதுவாகத் தகரத்துக்குள் திரும்ப வைத்தார். பிறிஜெற் வாயைத் திறப்பதற்குள் அவனே அடுத்ததையும் சொல்லிவிட்டான். “நான்தான் செய்தனான்.”

அது நாலு வருடப் பழக்கமா, அவளைக் காப்பாற்றுவதற்கா என்று பிறிஜெற் பிறகு பல மாதம் யோசித்தாள். இரண்டும்தான் என்று முடிவு செய்தாள். அவனைக் கைதுசெய்து, அவனுடைய மேசையிலிருந்து ஒரு குறடையும் மோட்டார் சைக்கிள் சஞ்சிகைகளையும் சாட்சியாக எடுத்துப் போனார்கள். ஈயம் ஒட்டும் அயன் குசினியில், தோசைக்கல்லின் பக்கத்தில், இன்னும் சூடாக இருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தடுப்பு உத்தரவு மூன்று மாதத்துக்கு. முடிந்தால் இன்னொரு மூன்று மாதம். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலருடைய வீட்டார் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். எந்த வரிசையில் நிற்கப்போகிறோம் என்பதுதான் இனி பிறிஜெற்றின் கவலை.

முதலில் அவள் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். பலீல் இரண்டு வருடச் சம்பியன். கிண்ணங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன.

“தம்பி, நீர் ஒருத்தர் வந்து, இது மோட்டார் சைக்கிளில பூட்டுற சாமான், என்ர பைக்கிலயும் இருக்கு எண்டு சொன்னாப் போதும். கழற்றிக் காட்டினா விட்டிடுவாங்கள்.”

பலீல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “ஆன்டி, என்ட பைக்ல அப்பிடி ஒண்டும் இல்ல.”

“நான் பார்த்தனான் தம்பி.”

அவன் முகம் சுருங்கியது. “கப் போனாப் போகட்டும் ஆன்டி. அது இல்ல. டைமர் வாங்கினவன் எண்டு என்ட பேரையும் எழுதிக்குவாங்க. வாப்பாட கடை ஈக்கிது. ரெண்டு தங்கச்சி ஈக்கிறாங்க. அங்கிள் என்ட பேரச் சொன்னாரா?”

“இல்லை.”

“மத்தவங்கட?”

“ஒருத்தரிட பேரையும் சொல்லேல்லை.”

அவன் அழுதான். அழுதானே தவிர வரவில்லை. பிறிஜெற்றுக்கு அவனைக் கோபிக்கவும் முடியவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்தாள். மற்ற முப்பத்துநாலு பேரிடம் போகவில்லை.

ஐந்தாவது கிழமை வலன்ரைனைப் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நின்றான். அவள் கதைக்கத் தொடங்கியதும் தலையைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டினான்.

“இந்தப் பக்கம் கதை. மற்றதால கேக்குதில்லை.”

அவள் அந்தப் பக்கம் நகர்ந்து நின்றாள். பிடித்துக்கொண்டு போனபோது அவனுக்கு இரண்டு காதும் கேட்டது. வலது கையில் இரண்டு விரலுக்குத் துணி சுற்றியிருந்தது.

“அது என்ன?”

“ஒரு பெரியவரைக் கூட்டி வந்தாங்கள். கம்பஸில படிப்பிக்கிறவராம். சாமானெல்லாம் மேசையில வைச்சு, செய்துகாட்டு எண்டாங்கள். வெடிக்கிற சாமான் இல்லையெண்டா விட்டிடலாமாம்.” கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். “அயனைப் பென்சில் மாதிரிப் பிடிச்சிட்டன்.”

“ஐயோ.”

“வேணுமெண்டு செய்துகாட்டேல்லை எண்டு எழுதிப்போட்டாங்கள். பிறிஜி, இஞ்சை கேள். நீ ஒண்டும் சொல்லக்கூடாது. சொன்னா நான் இருக்கிற இடத்தில நீ இருப்பாய்.”

“சாப்பிட்டீங்களா?”

“நான் சொல்லுறது விளங்குதா?”

“விளங்குது” என்றாள் பிறிஜெற். பொய்யில்லை. நன்றாக விளங்கியது.

அடுத்த திங்கட்கிழமை, அவனைத் தடுத்து வைத்திருந்த பொலிஸ் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் ஒரு பெண் பொலிஸ் அவளுடைய பையைத் திறந்து பார்த்தாள். இரண்டு வீட்டுச் சட்டை, துவாய், பல்தூரிகை, செபமாலை, மூக்குக் கண்ணாடி.

“நோனா எங்கேயாவது பயணமா?”

“தெரியாது மகள்” என்று சிங்களத்தில் சொன்னாள் பிறிஜெற்.

டைமர்களைச் செய்தது தான்தான் என்று அவள் சொன்னதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். பிறகு, சிரிப்பைப் பங்கிட இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். கம்பஸ் பெரியவர் அன்று வேறொரு விசயமாக வந்திருந்தார்; அவரும் வந்து உட்கார்ந்தார். வலன்ரைன் தொட்டுக் கருக்கிய சாமான்கள் ஒரு தட்டில் அப்படியே கிடந்தன. அவள் கண்ணாடியை மாட்டினாள். கருகிய இரண்டைத் தள்ளி வைத்தாள். அயனின் நுனியை ஈரத் துணியில் துடைத்தாள். சிரித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

நாற்பது நிமிடம் எடுத்தது. பதினாலு சாமான். கடைசியில் ஒரு சின்னச் சிவப்பு லைற்றைப் பூட்டி, சுவிட்சை அழுத்தினாள். எரிந்துகொண்டிருந்த லைற் அரைச் செக்கன் அணைந்து, திரும்ப எரிந்தது.

“நீங்கள் பார்க்க வேணுமெண்டு நேரத்தைக் கூட வைச்சிருக்கிறன்” என்று சொல்லி, திருகைத் திருப்பி, மறுபடி அழுத்தினாள். இந்த முறை லைற் துடித்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. “இதுதான் சரியான அளவு.”

“இவ்வளவுதானா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இவ்வளவுதான் சேர்.”

“இதால் ஒன்றை வெடிக்க வைக்க முடியாதா?”

“இது நிப்பாட்டுற சாமான். தொடக்கிற சாமான் இல்லை.”

பெரியவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டுகளை எண்ணினார். “வெரி நீற் வேர்க்” என்றார். பதினொரு வருடத் தொழிற்சாலையிலும் அவளுக்கு இதை யாரும் வாயால் சொன்னதில்லை.

அவளுடைய கணவனுக்கு டைமர் செய்யத் தெரியாது என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. அவளுக்குத் தெரியும் என்பதும் அதே அளவுக்கு நிரூபணமாயிற்று. வலன்ரைனை ஆறு நாளில் விட்டார்கள். பிறிஜெற்றை அன்றைக்கே வைத்துக்கொண்டார்கள். சாமான் ஆபத்தில்லாதது என்று பெரியவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும். பார்த்ததை வேறொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் வேறு வேலைகளும் இருந்தன.

பெண்கள் சிறைக்கு வலன்ரைன் ஒவ்வொரு கிழமையும் சோற்றுப் பார்சலோடு வந்தான். அவனே சமைத்தது. வலையின் மறுபக்கம் வலது காதைத் திருப்பிக்கொண்டு நிற்பான்.

“உப்புக் கூடவா?”

“கூட.”

“என்ன?”

“நல்லா இருக்கு எண்டு சொன்னனான்” என்று அவள் கத்துவாள்.

ஒருநாள், “ஏன் பிறிஜி வந்தனீ?” என்று கேட்டான். அவளுடைய பதில் அவனுக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொன்னபோதும் கேட்கவில்லை, நேரம் முடிந்துவிட்டது. “உங்களுக்குத் தோசைக்கல் எங்க இருக்கெண்டே தெரியாது” என்பது அவள் சொன்னது.

அவள் சிறைக்குப் போன ஏழாவது மாதம், ஒருகொடவத்தையில் வேலைக்குப் போகும் வழியில், இடப்பக்கத்திலிருந்து வந்த கொள்கலன் லொறியின் ஹோன் அவனுக்குக் கேட்கவில்லை. சாரதி மூன்று முறை அடித்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சவ அடக்கத்துக்குப் பிறிஜெற்றுக்கு மூன்று மணித்தியால அனுமதி கிடைத்தது. கூட வந்த பெண் பொலிஸ் அன்று பையைத் திறந்து பார்த்தவள்தான். ஒழுங்கை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். எல்லா எஞ்சினையும் ஒழுங்கை முனையிலேயே நிறுத்தி உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை அவள் பெயரால் அறிவாள். மிச்சப் பேரை அவர்கள் தேத்தண்ணிக்குச் சீனி போடும் அளவால் அறிவாள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர், ஒருவன் ஆமிக்காரன். ஒவ்வொருவனாக வந்து சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று, வலன்ரைனின் கோர்த்த கைகளைப் பார்த்தார்கள். இரண்டு விரலில் சூட்டு வடு இருந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை இன்னும் கூடியது.

பலீல் கடைசியில் வந்தான். கண் வீங்கியிருந்தது. “ஆன்டி, நான் வந்து சொல்லியிருக்கணும்.”

“உம்மட தங்கச்சிமார் சுகமா?”

அவன் தலையை ஆட்டினான். பிறகு அந்தக் கைகளைக் காட்டி, “இப்பிடி ஒரு கை இனி லங்காவிலயே இல்ல ஆன்டி” என்றான்.

“ஓம் தம்பி” என்றாள் பிறிஜெற்.

பெண் பொலிசுக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கும். அவள் குனிந்து சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள். “ஏன் நோனா சொல்லவில்லை?”

“இன்றைக்கு அவருடைய நாள்” என்றாள் பிறிஜெற்.

மூன்று மணித்தியாலம் முடிவதற்கு இருபது நிமிடம் இருக்கையில் அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். இன்னும் நாலு மாதம் கழித்து விட்டார்கள். பெரியவரின் அறிக்கை அதற்குள் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது.

விற்றதும் பிடிபட்டதுமாக நாற்பத்தொரு டப்பியும், அந்த அலுவலக மேசையில் டப்பிக்குள் போகாமல் கிடந்த நாற்பத்திரண்டாவதும், எல்லாம் பிறிஜெற் செய்தவை.